மூன்றரைக்கு அடித்த உச்சிக்கால மணி

பஸ்லான் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டுத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஒலித்த நேரம். அப்போதுதான் போன் வந்தது.

"நானா, கோயில் மணி அடிக்குது" என்றாள் கேதீஸ்வரி.

அவளுக்குப் பின்னால் மணியும் மேளமும் சேர்ந்து முழங்குவது இவருக்கும் கேட்டது. கேட்கச் சந்தோசமாக இருந்தது. மத்தியானம் கோயிலில் தன் கையால் பொருத்திப் பூட்டிவிட்டு வந்த மின்பலகை அல்லவா?

"அடிக்கட்டும் புள்ள. அடிக்கத்தானே பூட்டின."

"நேரத்தப் பாருங்க நானா. மூண்டு முப்பத்திமூண்டு. போட்டில உச்சிக்காலப் பூசை எண்டு ஓடுது."

"உச்சிக்காலம் பன்ரெண்டு மணிக்குத்தானே?"

"அதத்தான் நானும் கேக்கிறன்."

பஸ்லானின் கை அப்படியே நின்றது. மூன்று முப்பத்துமூன்று. அந்த நேரத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கேயோ என்ன, வெளியில் பாங்கு இன்னும் முடியவில்லை.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார் மனைவி றஸீனா.

"கோயில்ல அஸருக்கு மணி அடிச்சிற்று."

"ஆரு அடிச்ச?"

"நான்தான்" என்றார் பஸ்லான். தொப்பி தலையில்தான் இருந்தது.

பஸ்லான் இருபது வருசம் ரேடியோ, டிவி திருத்தியவர். டிவி திருத்துவதற்கு ஆட்கள் வராமல் போன பிறகு, நாற்பத்தைந்து வயதில் கணினிப் பக்கம் திரும்பினார். பக்கத்து ஊரான ஆரையம்பதியில் இருக்கும் கேதீஸ்வரி கணினி நிரல் எழுதப் படித்தவள். இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிவாசல்களுக்குத் தொழுகை நேரம் காட்டும் மின்பலகை, ஊர்ப்பேச்சில் 'போட்டு', செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய முதல் கோயில், அதே ஆரையம்பதியின் மறுகோடியில் இருக்கும் சின்னப் பிள்ளையார் கோயில்தான். பூசை நேரம் வந்தால் பலகை எழுத்துக் காட்டும், கூடவே மின்சார மணியையும் மேளத்தையும் முடுக்கிவிடும்.

நிரலை அவர்கள் 'கிட்' (Git) என்ற மென்பொருளில் வைத்திருந்தார்கள். நிரலின் ஒவ்வொரு வடிவத்தையும் மறக்காமல் வைத்திருக்கிற களஞ்சியம் அது. அதில் இரண்டு கிளை. ஒன்று பள்ளிக் கிளை, மற்றது கோயில் கிளை. ஒரு கட்டளை தட்டினால் பள்ளிக்குரியதெல்லாம் மறைந்து கோயிலுக்குரியது வந்து உட்காரும். இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை, அந்தக் களஞ்சியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு களஞ்சியம் இருந்ததுதான். நேரம் கணிக்கிற பகுதியைக் கேதீஸ்வரி தனியாகப் பிரித்து, 'நேரப்பெட்டி' என்று பெயர் வைத்து உள்ளே செருகியிருந்தாள். வெளியே கிளை மாறும்போது உள்ளே இருக்கிற பெட்டி தானாக மாறாது. முன்பு எந்த வடிவத்தில் நின்றதோ அதிலேயே நிற்கும். அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

"வெளிய மாத்தினா உள்ளதுக்கும் சொல்லணும் நானா" என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். மூன்றாவது தடவை வாட்ஸப்பில் குரலாகவும் அனுப்பியிருந்தாள்.

அன்று காலையில் பஸ்லான் வெளியே மாற்றினார். நேரப்பெட்டி பொருந்தாமல் நிற்கிறது என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. சிவப்பு வரிகள் தினமும் வருகிறவைதானே என்று விட்டுவிட்டார். டிவி திருத்துகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் தெரிந்தால் பெட்டி சரி. பலகையில் கோயிலின் பெயர் மஞ்சள் எழுத்தில் அழகாக ஓடியது. பிளக்கைப் பிடுங்கி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிவிட்டார்.

ஆக, பலகையில் பெயர்கள் கோயிலுடையவை, நேரங்கள் பள்ளியுடையவை. அங்கே ஐந்து பூசை, இங்கே ஐந்து வேளை. எண்ணிக்கை அச்சொட்டாகப் பொருந்தியதால் நிரலும் ஒரு முனகல்கூட முனகவில்லை. மூன்றாவது பூசையான உச்சிக்காலம், மூன்றாவது தொழுகையான அஸரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டது.

தொழுதுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தபோது பஸ்லானுக்குத் தன்னை நினைத்துக் கவலை இல்லை. பூட்டிய சாமான் பிழையாகிப்போவது அவருக்குப் புதிதில்லை. கவலை எல்லாம் கேதீஸ்வரியைப் பற்றித்தான். அந்தக் கோயில் நிர்வாகத்தில் முதல் தடவையாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள், அது அவள். கொழும்பில் இருந்து பலகை எடுப்போம் என்று செயலாளர் உதயரூபன் ஒற்றைக் காலில் நின்றபோது, "நாங்க செய்வம். பிழைச்சா நான் நிர்வாகத்தில இருந்து விலகிறன்" என்று கூட்டத்தில் எழும்பிச் சொல்லியிருந்தாள். சொன்ன சூட்டில் உட்கார்ந்தும்விட்டாள். வெள்ளிக்கிழமை கொடியேற்றம். இன்றைக்குப் புதன்.

கோயில் வாசலில் சின்னக் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்த ஐயர், மணிச் சத்தத்தில் பதறி எழும்பி ஓடி வந்து, சால்வையைக்கூடச் சரியாகப் போடாமல் நின்றார். எதிர்வீட்டுச் சீதேவிப்பிள்ளை பூத்தட்டோடு அவரை மறித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மணி அடிச்சா பூசை. சூடத்தக் கொழுத்துங்க."

"அம்மா, உச்சிக்காலம் பன்ரெண்டுக்கே முடிஞ்சுது. நீங்களும் நிண்டு கும்பிட்டீங்க."

"கும்பிட்டதான். மறுகா ஏன் அடிச்ச? பிள்ளையார் கூப்பிடாம அடிக்குமா?"

ஐயர் கடைசியில் ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்திக் காட்டிவிட்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார். போகிற வழியில் பஸ்லானைப் பார்த்த பார்வையில் ஒரு முழுத் தூக்கத்தின் நட்டம் இருந்தது.

வெளிவீதியில் இருந்த அலுவலக அறையில் உதயரூபன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் கேதீஸ்வரி நின்றாள்.

"வாங்க நானா. மூண்டரைக்கு உச்சி காட்டின முதல் கோயில் எங்கடதான். பேப்பரில போடுவமா?"

"என்ட பிழைதான் செயலாளர்" என்றார் பஸ்லான். "இஞ்ச பாருங்க. ஒரு வீடு எண்டு வைங்க. மதிலுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சி, வாசல்ல புதுப் பேரும் போட்டாச்சி. ஆனா உள்ள குடியிருக்கிறவன் பழைய ஆள். அவன எழுப்பாமலே நான் திறப்பத் தந்திட்டன்."

"அப்ப எங்கட போட்டுக்குள்ள இப்ப ஆரு குடியிருக்கிற?"

"எங்கட பள்ளிட நேரம்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "அதானே பாத்தன், உச்சி எண்டு அடிக்குது, வெயில் அங்கால சாஞ்சு கிடக்கே எண்டு!"

உதயரூபனுக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கேதீஸ்வரியைப் பார்த்தார். "இஞ்ச பாருங்க தங்கச்சி, சொன்ன சொல்லு சொல்லுத்தான். அஞ்சரைக்குச் சாயரட்சை. சரியா அடிச்சு, ஒழுங்காப் பூசை நடந்தா போட்டும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. இல்லாட்டி ரெண்டையும் கழட்டுவம்."

அப்போது நாலரை.

பஸ்லான் மடிக்கணினியை விரித்தார். இது ஒரு நிமிச வேலை. உள்ளே இருக்கிற பெட்டிக்கும் சொல்லுகிற அந்த ஒற்றைக் கட்டளையைத் தட்டினார். வெளிக் களஞ்சியம், 'கோயில் கிளைக்கு நேரப்பெட்டியின் இன்ன வடிவம்' என்று இலக்கத்தோடு குறித்து வைத்திருக்கும், அதைப் பார்த்து இணையத்தில் இருந்து எடுத்து வரும். போனது. தேடியது. அப்படி ஒரு வடிவமே இங்கே இல்லை என்று வந்து நின்றது.

இன்னொரு தடவை தட்டினார். இல்லை.

கோயில் நேரத்தை எழுதியது கேதீஸ்வரி. அவளுடைய கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. 'எல்லாம் அனுப்பிட்டன் நானா' என்று செய்தியும் போட்டிருந்தாள். அனுப்பியது வெளிக் களஞ்சியத்தை மட்டும். உள்ளே இருக்கும் பெட்டியை அனுப்பவே இல்லை. இலக்கம் எழுதிய சீட்டு வந்திருக்கிறது, சாமான் அவள் வீட்டிலேயே இருக்கிறது. பஸ்லான் காலையில் மறக்காமல் அந்தக் கட்டளையைத் தட்டியிருந்தாலும் இங்கேதான் வந்து முட்டியிருப்பார்.

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கேதீஸ்வரியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"உள்ளத அனுப்பல்லையா புள்ள?" என்று காதோடு கேட்டார்.

"வெளியத அனுப்பின நானா."

"உள்ளத?"

கேதீஸ்வரி வாசலில் நின்ற தன் சைக்கிளைப் பார்த்தாள்.

"மூண்டு தரம் எனக்குச் சொன்ன. வொய்ஸும் போட்ட."

"இப்ப ஏசாதீங்க நானா, அழுதிருவன்."

"என்ன குசுகுசுக்கிறீங்க?" என்றார் உதயரூபன். "இன்னும் என்ன பிழை?"

பஸ்லான் ஒரு மூச்சு விட்டார். உண்மையைச் சொன்னால் தன் தலையில் இருக்கிற பழியில் பாதி இறங்கும். அந்தப் பாதி போய் யாருடைய தலையில் ஏறும் என்பதும் தெரியும்.

"என்ட பிழைதான். ஒரு சாமான் கேதீஸ் வீட்டில விட்டுப்போச்சி. அவ போய் எடுத்திட்டு வருவா."

கேதீஸ்வரி சைக்கிளில் பறந்தாள். வீட்டில் கரண்ட் இல்லை. மடிக்கணினியில் பற்றரி ஒன்பது வீதம். போனில் டேட்டா முடிந்து, தங்கையின் போனை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, திட்டும் வாங்கிக்கொண்டு, நேரப்பெட்டியை அனுப்பினாள். இதெல்லாம் பஸ்லானுக்குப் பிறகு தெரிய வந்தது. அப்போது அவருக்குத் தெரிந்தது, ஐந்து நிமிசத்துக்கு ஒரு தடவை கட்டளையைத் தட்டுவதும், இல்லை என்று வருவதும், உதயரூபன் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும்தான்.

ஐந்து இருபத்திரண்டுக்குக் கட்டளை ஓடி முடிந்தது. சிவப்பு வரியைக் காணவில்லை. அந்த வரி இல்லாத திரையை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். அவசரமாகப் பலகையில் ஏற்றினார். கேதீஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஐந்தரை. பலகையில் 'சாயரட்சைப் பூசை' என்று ஓட, மணியும் மேளமும் ஒரு செக்கன் பிசகாமல் முழங்கின. பஸ்லான் கண்ணை மூடி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். கேதீஸ்வரி பிள்ளையார் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

மணி அடித்து முடிந்தது. ஒருவரும் வரவில்லை.

பூத்தட்டு வரவில்லை. கோயிலுக்கு வருகிற வழக்கமான ஆட்கள் வரவில்லை. ஐயரையே காணவில்லை. கேதீஸ்வரி ஓடிப்போய்க் கேட்டபோது அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "அது பொய் மணி, நான் எழும்பமாட்டன்" என்றாராம். எதிர்வீட்டில் இருந்து சீதேவிப்பிள்ளையின் குரல் வந்தது. "இன்னொருக்கா ஏமாற நான் என்ன பச்சப் புள்ளயா?"

உதயரூபன் வாசலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "மணி சரி. பூசை எங்க?"

"செயலாளர், அது எங்கட கையில இல்லயே" என்றார் பஸ்லான் பரிதாபமாக.

உதயரூபன் கெட்ட மனிதர் இல்லை. எழும்பிப் போய் ஒலிபெருக்கியைப் போட்டார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"அன்பான அடியார்களே. இப்ப அடிச்சது சாயரட்சைப் பூசை மணி. இது சரியான மணி. மூண்டரைக்கு அடிச்சது..." என்று நிறுத்தி, மைக்கை மூடாமலே திரும்பிக் கேட்டார், "அத என்னண்டு நானா சொல்ற?"

பஸ்லான் வாயைத் திறக்க முன்னம் கேதீஸ்வரி மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"மூண்டரைக்கு அடிச்சது பிழை மணி. பிழை விட்டது நான்தான், கேதீஸ்வரி. வெளிக் களஞ்சியத்த அனுப்பிற்று, உள்ளத அனுப்ப மறந்து போனன். பஸ்லான் நானா என்னக் காப்பாத்தப் பொய் சொன்னவர். நிர்வாகத்தில இருந்து என்ன விலக்கிறதெண்டா விலக்குங்க, ஆனா பூசைக்கு வாங்க."

பஸ்லானுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார். "அவ சொல்றத நம்பாதீங்க! நான்தான் கிளைய மாத்திற்று உள்ளதுக்குச் சொல்லாம விட்ட. சிவப்பு வரி வந்த, நான் பாக்கல்ல! பிழை என்ட!"

"உங்கட பாதி, என்ட பாதி நானா!"

"என்டதான் கூட!"

உதயரூபன் ஒலிபெருக்கியை நிறுத்தினார். அதற்குள் கேட் திறக்கிற சத்தம் தெருவில் வரிசையாகக் கேட்டது. பூசைக்கு வந்தவர்களும் வந்தார்கள், மைக்கில் சண்டை பிடிக்கிறவர்கள் யார் என்று பார்க்க வந்தவர்களும் வந்தார்கள். சீதேவிப்பிள்ளை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயரும் சால்வையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தார். திருவிழா தொடங்க முன்னமே இத்தனை பேரை ஒரு புதன்கிழமைச் சாயரட்சையில் உதயரூபன் பார்த்ததில்லை. அவர் தலைகளை விரலால் எண்ணுவதைப் பஸ்லான் கண்டார்.

"வெள்ளிக்கிழமை விடிய, கொடியேற்றத்துக்கு முன்ன, நிர்வாக சபைக் கூட்டம்" என்றார் உதயரூபன் கேதீஸ்வரியிடம். "நேரத்துக்கு வாங்க தங்கச்சி. வரக்குள்ள, இந்த வெளிய உள்ள எண்ட கதைய ஒரு கடதாசில எழுதித் தாங்க. எனக்கு இன்னும் விளங்கல்ல."

உள்ளே தீபாராதனை நடக்க, பஸ்லான் வெளிவீதியில் நின்று ஸ்கூட்டர் திறப்பைத் தேடினார். போன் அடித்தது. றஸீனா.

"இஞ்ச பாருங்க, காத்து இஞ்சால வீசுது, கோயில் மைக்கில நீங்க கத்தின இஞ்ச கேட்ட" என்றார் றஸீனா. "என்ன பிழை விட்ட நீங்க? தெருவில எல்லாரும் என்னட்ட வந்து கேக்காங்க."