கடலுக்கு மேல் ஒரு தெரு

டோரீன் கார்பட்டின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை கடலில் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை பழைய இடத்திலேயே நின்றது. கீழே தரை மட்டும் இல்லை. எங்கள் ஸ்கெல்ஸியில் வீடு விழுவது புதிதல்ல. யார்க்‌ஷரின் இந்தக் கரை வெறும் களிமண். குளிர்காலம்தோறும் கடல் முதலில் தோட்டத்தைத் தின்னும், பிறகு வேலியை, கடைசியில் சமையலறைக்கு வரும். விழுந்த வீடு திரும்பி வந்ததுதான் புதிது. டோரீன் ஏணி வைத்து ஏறி, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, பின்கதவைத்தான் காணோம் என்றாள்.

பின்கதவைப் பிரையனி ஹார்லண்ட் வரைய மறந்திருந்தாள். மீன் வறுவல் கடையில் வேலை பார்த்த பிரையனி, வியாழன்தோறும் எங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் காமிக்ஸ் வரைந்து இணையத்தில் போடுவாள். அந்த வாரம் டோரீனின் வீட்டைப் போட்டிருந்தாள். அடுத்த வியாழன் கதவை வரைந்தாள், கதவும் வந்தது. அதன்பின் விழுந்த வீடுகளையெல்லாம், உரிமையாளர்கள் வந்து கேட்டால், பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்து வரைந்தாள். எந்தக் குழாய் சொட்டும், எந்தக் கதவை நாய் பிராண்டியது என்பதுவரை கேட்பாள். ஊகித்து வரைந்த மூலைகள் வெறும் வெள்ளைத்தாளாகவே வந்தன.

வருடங்கள் ஓடின. போர்ச்சுகலிலும் ஜப்பானிலும் ஆட்கள் வியாழனுக்காகக் காத்திருந்தார்கள். லண்டன் பதிப்பகம் ஒன்று எல்லாவற்றையும் தடித்த கிராஃபிக் நாவலாகப் போட்டது, பரிசு கிடைத்தது. மிதக்கும் வீடுகள் எதற்குக் குறியீடு என்று விழாவில் ஒருவர் கேட்க, "அதுல ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு இரவு ரயிலைப் பிடித்தாள். மறுநாள் வியாழன். பெயர் வந்த பிறகும் அவள் கடை வேலையை விடவில்லை. வறுவல் சட்டி முன்னால்தான் ஊர் உண்மை பேசும் என்பாள்.

அண்ணன் க்ளைவ் மட்டும் அவளிடம் பேசவில்லை. நண்டு பிடிப்பவன். மனைவி விட்டுப்போன நாளில் அவன் முற்றத்தில் நின்று அழுததைப் பிரையனி அவனைக் கேட்காமல் புத்தகத்தில் வரைந்திருந்தாள். அவள் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். அந்தக் கோபத்தில்தான் கரையோரம் மலிவாக ஒரு வீடு வாங்கிப் போனான். பிப்ரவரிப் புயலில் அதுவும் விழுந்தது.

ஊரே வியாழனுக்காகக் காத்திருந்தது. பிரையனி ஒன்றும் வரையவில்லை. அந்த வீட்டுக்குள் தான் போனதே இல்லை, கேட்காமல் இன்னொரு முறை தொடமாட்டேன் என்று டோரீனிடம் சொன்னாள். க்ளைவ் தன் வேனிலேயே படுத்தான், ஹல் நகரத்துக்குப் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வேனில் ஈரம் ஏறி அவன் இருமல் கடைவரை கேட்டது.

ஒரு மதியம் அவன் கடை வரிசையில் வந்து நின்றான். மீனும் சிப்ஸும் கேட்டான். பொட்டலத்தை வாங்கிய பிறகும் நகரவில்லை.

"முன்கதவு பச்ச," என்றான்.

பிரையனி கையைத் துடைத்தாள்.

"எந்த மாதிரி பச்சண்ணே?"

"படகுக்கு அடிச்சு மிஞ்சினது. கீழ்ப்பக்கம் உரிஞ்சிருக்கும். உள்ள போனா ஜன்னலோரமா அப்பாவோட நாற்காலி."

அவன் சொல்லச் சொல்ல அவள் பொட்டலக் காகிதத்தில் வரைந்துகொண்டே போனாள். மாடிப்படிவரை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீ அழுதத நான் போட்டிருக்கக் கூடாது. உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"அழுததுகூடப் பரவால்ல. மூக்க அவ்ளோ பெருசா போட்ட பாரு."

"மூக்கு அளவு சரிதாண்ணே," என்றாள் பிரையனி. வரிசையில் நின்ற டோரீனும் ஆமாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை க்ளைவின் வீடு அலைகளுக்கு மேல் நின்றது. இப்போது அங்கே ஒரு தெருவே இருக்கிறது. கவுன்சில் விளக்குப் போட்டிருக்கிறது, தபால்காரர் ஏணியைப் பற்றி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரையனி அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட ஏறிப் போகிறாள். க்ளைவ் மாட்டிறைச்சியைக் கருக விடுகிறான். தரைக்குக் கீழே படகு ஏதாவது இரைந்துகொண்டு போனால் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். அது போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.