கழற்றாத மூடி

அத்தை ஓட்டும் பள்ளி வேனில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. வண்டி வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுபோனோம்.

"இன்ஜின் மூடியக் கழட்டிப் பாத்தோம் மேடம். உள்ள எல்லாம் போச்சு. பத்து நாள் வண்டி இங்கதான் நிக்கணும்" என்றார் மேனேஜர்.

பத்து நாள் வண்டி ஓடாவிட்டால் பள்ளி வேறு வேனை வைத்துக்கொள்ளும். அத்தை விறுவிறுவென்று போய் பானெட்டைத் தூக்கினாள். போல்ட் தளர்ந்தால் தெரியட்டும் என்று இன்ஜின் மூடியின் ஒவ்வொரு போல்ட்டையும் மூடியையும் சேர்த்து அவள் முன்பே இழுத்திருந்த நகப்பூச்சுக் கோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"எந்தக் கண்ணால பாத்தீங்க?"

"கம்ப்யூட்டர் சொல்லிச்சு மேடம்..."

"கழட்டினேன்னு சொன்னது உங்க வாயா, கம்ப்யூட்டர் வாயா? இப்ப என் முன்னாடி கழட்டுங்க!"

ஸ்பேனர் வரவில்லை, வண்டிச் சாவிதான் திரும்பி வந்தது. விளக்கு எரிய எரிய வேறு மெக்கானிக்கைத் தேடிப் போனோம். வழியெல்லாம் அத்தையின் வாய் ஓயவில்லை.