தென்காற்று பிறந்த நாள்

நோஷிரோ துறைமுகத்துக் காற்றாலைகளில் கயிற்றில் தொங்கியபடி இறக்கைகளைப் பழுதுபார்ப்பவர்களில் லியாவ் யாஹான் ஒருத்திதான் பெண். தைவானில் சாங்ஹுவா கடற்கரையில் தொழில் பழகியவள். கோடைதோறும் தன் ஊர் ஒப்பந்தக்காரரின் ஆளாக ஜப்பானுக்கு வந்து போவாள். மின்னல் கீறிய இடம், உப்புக்காற்று அரித்த ஓரம் என்று தேடித் தேடித் தேய்த்துப் பூசுவாள். அந்த ஒப்பந்தக்காரர் முட்டிவலி தாங்காமல் தொழிலை மூடிவிட்டார். காற்றாலைக்காரர்கள் யாஹானைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "வேலையை நீங்களே எடுத்துச் செய்யுங்க. ஆனா இந்த நாட்டுல பதிவான கம்பெனிக்குத்தான் கொடுப்போம். பிப்ரவரி முடியறதுக்குள்ள பதிவாகியிருக்கணும்."

வெளிநாட்டிலிருந்து தொழில் தொடங்க வருகிறவர்களுக்கென்று கொடுக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, பனி கொட்டுகிற ஜனவரியில் யாஹான் வந்து இறங்கினாள். நகரத்தில் கம்பெனிப் பதிவுகளை எழுதிக்கொடுக்கும் கமதா என்பவரைப் பிடித்தாள். மெலிந்த மனிதர், சிரிப்பதற்குக்கூட கணக்குப் பார்ப்பார்.

"மொதல்ல ஒரு முகவரி வேணும்மா. கம்பெனி எங்க குடியிருக்குன்னு எழுதணும்" என்றார்.

அங்கேதான் சிக்கியது. கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "எந்தக் கம்பெனிக்கு வாடகைக்கு? இன்னும் பதிவாகலையா? அப்ப பதிவானதும் வாங்க." முகவரி இல்லாமல் கம்பெனி இல்லை, கம்பெனி இல்லாமல் முகவரி இல்லை. நடந்து நடந்து யாஹானின் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம்.

கடைசியாகத் துறைமுகத்தை ஒட்டி மூடிக்கிடந்த ஒரு படகு எஞ்சின் பட்டறையின் கதவைத் தட்டினாள். ஒதஜிமா மிச்சி என்ற அம்மாள் திறந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவரோடு சேர்ந்து அந்தப் பட்டறையை நடத்தியவள். கணவர் போனபின் மீன் சந்தையில் ஹதாஹதா மீனைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தாள்.

"காத்தாடி வேலைக்காரியா நீ?" மிச்சியின் குரல் ஏறியது. "சாயங்காலம் ஆனா அந்த இறக்கை நிழல் என் சமையல்கட்டுல வந்து வந்து போகுது. முள்ளங்கி நறுக்கிட்டிருக்கேனா, விரலை நறுக்கிட்டிருக்கேனான்னு தெரியல. அதுக்கு எண்ணெய் போட என் எடமே கேக்குதா?"

யாஹான் தலைகுனிந்து விடைபெறத் திரும்பினாள். பிறகு நின்று, "அக்கா, உங்க கூரைல கடல் பக்கம் ஒரு தகரம் பெயர்ந்திருக்கு. இந்தப் பனி உருகினா உள்ள ஒழுகும்" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு கோடையா மேலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். மொத கோடைல ஓரம்தான் தூக்கியிருந்தது. போன கோடைல காத்துல படபடன்னு அடிச்சுது."

மிச்சி வாசலுக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே ஆகாசத்தில் ஒருத்தி தொங்கிக்கொண்டு தன் வீட்டுக் கூரையைக் கவனித்திருக்கிறாள் என்பது அவளுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அங்கேருந்து வேற என்னெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள், இப்போது வேறு குரலில்.

"கடல் வளைஞ்சு தெரியும். மீன் கூட்டம் திரும்பும்போது தண்ணி கறுக்கும். தெளிஞ்ச நாள்ல தெற்கே சோக்காய் மலை, சும்மா மிதக்கற மாதிரி. அப்புறம்..." யாஹான் வார்த்தை தேடினாள். "பயமா இருக்கும். அதைவிட அதிகமா, அங்க நிக்க நமக்கு என்ன தகுதின்னு இருக்கும்."

"உள்ள வா. காலெல்லாம் நனைஞ்சு கெடக்கு" என்றாள் மிச்சி.

பட்டறை கிடைத்தது. முதலில் யாஹான் பேரில் வாடகை, கம்பெனி பிறந்ததும் அதன் பேருக்கு மாற்றிக்கொள்ள மிச்சியின் சம்மதம் என்று கமதா வழி கண்டுபிடித்தார். மினாமிகாஸே, அதாவது தென்காற்று என்று யாஹான் பெயர் வைத்தாள். "வடக்குக் காத்துல பல்லு கிடுகிடுங்குது, இவ தென்காத்தாம்!" என்று மிச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பெனியின் முத்திரையும் செதுக்கியாயிற்று.

"எந்த நாள்ல தாக்கல் பண்ணலாம்?" என்றார் கமதா. "விண்ணப்பம் கொடுக்கற நாள்தான் கம்பெனியோட பிறந்தநாள். சான்றிதழ் எப்ப வேணா வரட்டும், தேதி அதுதான்."

மிச்சி சுவர் நாட்காட்டியில் நல்ல நாளைக் காட்டினாள். யாஹானின் அம்மா தைவானிலிருந்து போனில், அது ஆகவே ஆகாத நாள் என்றாள். இரண்டு நாட்டுப் பஞ்சாங்கமும் ஒத்துப்போன ஒரே நாள், பிப்ரவரியின் கடைசி வேலைநாள். "கெடு முடியற நாளாச்சே" என்று கமதா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கம்ப்யூட்டர்லதானே அனுப்பறோம், பரவாயில்ல."

அன்று காலை கடல்புயல் வந்து மின்கம்பிகளை அறுத்துப் போட்டது. கம்ப்யூட்டர் இல்லை, ரயில் இல்லை. கமதா விண்ணப்பத் தாள்களை உறையில் போட்டு யாஹான் கையில் கொடுத்தார். "அகிதா நகரத்துப் பதிவு அலுவலகத்துல நேர்ல கொடுக்கணும். இந்தப் புயல்ல நான் வண்டி எடுக்க மாட்டேன். நீயும் எடுக்காதே."

மிச்சி மீன்வாடை அடிக்கும் தன் குட்டி லாரியைக் கிளப்பிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தாள்.

வயலிலிருந்து பனி தரையோடு எழுந்து சாலையை விழுங்கியது. முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. சாலையோரம் நட்டிருந்த அம்புக்குறிக் கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி மறைந்தன. மிச்சி ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். இமை மயிர் வெளுத்துவிட்டது.

"அக்கா, திரும்பிடலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சும்மா இரு. நீ அந்த உயரத்துல கயித்துல தொங்கறவ. இங்க தரைல உக்காந்துக்கிட்டுப் பயப்படறியா?"

"மேல கயிறு என் கையில இருக்கும். இங்க ஸ்டீரிங் உங்க கையில இருக்கே!"

மிச்சி சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் வழுக்கி நின்றது. இறங்கி இருவரும் மண்வாரியால் சக்கரத்தைத் தோண்டி எடுத்தார்கள். சட்டைக்குள் வைத்திருந்த உறை யாஹானின் நெஞ்சோடு ஒட்டிக் கதகதத்தது.

அலுவலகக் கதவு மூடுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பனி அப்பிய இருவரையும் பார்த்து, மேசைக்கு அப்பால் இருந்த இளம்பெண் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். பிறகு தாள்களைப் புரட்டினாள். முத்திரையை ஒப்பிட்டாள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை அழுத்தினாள். சத்தமே வரவில்லை.

"சரிபார்க்கச் சில நாள் ஆகும். எல்லாம் சரியா இருந்தா இன்னைய தேதியிலேருந்து இது சட்டப்படி ஒரு ஆள்" என்றாள். தினமும் பலரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம்தான். ஆனால் யாஹானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஒரு ஆள்னா?"

"சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், வரி கட்டணும். ஜப்பான்ல பதிவானதால இது ஜப்பான் கம்பெனி."

"நானே இங்க அனுமதியிலதான் இருக்கேன்."

"அது வேற விஷயம்" என்றாள் அந்தப் பெண் கனிவாக.

யாஹான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எனக்கு ஏதாவது ஆயிட்டா? மேல வேலை செய்யறவ நான்..."

"நீங்க இல்லாட்டி வேற ஒருத்தர் பொறுப்பெடுக்கலாம். நீங்க இல்லைங்கறதுக்காக அது இல்லாமப் போயிடாது."

யாஹான் சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கயிற்றில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் விழுவதைப் பற்றி நினைத்துத்தான் இறங்குவாள், தொழில் அப்படி. விழவே முடியாத ஒன்றைத் தன் கையால் உண்டாக்குவாள் என்று எந்நாளும் நினைத்ததில்லை. உடம்பு இல்லை, பசி இல்லை, தாய்மொழி இல்லை. காலையில் அது எங்குமே இல்லை. இப்போது இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் சத்தம் போடத் தயங்குவதுபோல் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த மேசையைப் பார்த்து ஒரு முறை குனிந்து வணங்கினாள். "என் பட்டறைல குடிவரப் போகுதில்ல" என்றாள் மெதுவாக. "நல்லபடியா இருக்கட்டும்."

மார்ச்சில் சான்றிதழ் வந்தது, அந்தத் தேதியோடு. ஏப்ரலில் தென்காற்றுக்கு முதல் வேலை கிடைத்தது. யாஹான் கடலில் மூன்றாவது கோபுரத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, நிறுத்திவைத்த இறக்கையின் ஓரத்தில் கையை வைத்தாள். கீழே நீலம் திரண்டு வளைந்து கிடந்தது. தெற்கே சோக்காய் மலையில் பனி இன்னும் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் வேலையைத் தொடங்கவே இல்லை.