பெயர் சொல்லாத உரை

தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவுக்காக அந்த நாடாளுமன்ற உறுப்பினர் மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செருப்புக் கடையில் போன் நம்பர் கேட்டால்கூடச் சண்டைக்குப் போகிற மனிதர். அலுவலகத்தில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் தன் செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சட்டப் பிரிவெல்லாம் யார் மண்டையிலயும் ஏறாதும்மா. மனசைத் தொடற மாதிரி ஒண்ணு வேணும். உனக்கு ஏதாவது நடந்திருக்கா?”

நடந்திருந்தது. மருந்துக் கடையில் கர்ப்பச் சோதனைக் கருவி வாங்கும்போது ஒரே ஒரு முறை நம்பர் கொடுத்தாள், அவ்வளவுதான். இரண்டு தடவை கரு தங்காமல் போன பிறகும், ‘உங்கள் செல்லத்துக்கு ஆறு மாதம், வாழ்த்துகள்!’ என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்திருக்கிறாள். இப்போது மூன்றாவது. ஏழு வாரம். கணவனைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. போன தடவை துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அவளே ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று தொட்டில் விளம்பரம் மறுபடி தலைகாட்டியது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை.

“பேர் சொல்ல மாட்டேம்மா. சத்தியமா.”

சொன்ன சொல் தவறாத மனிதர். மறுநாள் நேரலையில் பேர் சொல்லவே இல்லை. “பதினோரு வருடமாக என் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் பெண். இதோ, பார்வையாளர் மாடத்தில், முதல் வரிசையில்!” என்று கையை வேறு காட்டினார், பாவி. கேமராவும் கூடவே திரும்பியது. ‘ஏழு வாரம்’ என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. எதிர்க்கட்சிக்காரர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். மசோதா ஒருமனதாக நிறைவேறியது.

அவள் தாழ்வாரத்துக்கு வருவதற்குள் போன் அலறியது. மாமியார்.

“டிவியில பார்த்துதான் எங்களுக்குத் தெரியணுமாம்மா? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேக்கறாங்க. சரி, இந்தத் தடவையாவது ஜாக்கிரதையா இரு.”

‘இந்தத் தடவையாவது.’ அந்த ஒரு பேச்சுக்குத்தான் இத்தனை வாரமும் பயந்துகொண்டிருந்தாள். அடிவயிற்றில் கை வைத்தபடி சுவரோரம் நின்றுவிட்டாள்.

உறுப்பினர் முகமெல்லாம் பல்லாக வந்தார். “பார்த்தியா, பேர் வாயில வந்துச்சா?”

“சார், என் விஷயத்தை வெளியில சொன்னவங்க மேல புதுச் சட்டப்படி புகார் கொடுக்கலாமில்ல?”

“தாராளமா! யாருன்னு சொல்லு, உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

“நீங்கதான் சார்.”

அவர் முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு நிம்மதியாகச் சிரித்தார்.

“அவைக்குள்ள உறுப்பினர் பேசறது எதுவும் இதுல வராதும்மா. நாற்பத்தோராம் பிரிவு. நீதானே டைப் பண்ணினே?”

அவள்தான். ஒரு பிழைகூட இல்லாமல்.