தலைவரின் பூட்டு

கட்டடத்து மேனேஜர் அம்மாவிடம் பூட்டுச் சாவியை வாங்கக் கை நீட்டியபோது குறுக்கே இன்னொரு கை வந்தது. மகளுடைய கை.

"குடுக்காதம்மா."

"ஏன் குடுக்கக் கூடாது?" அம்மா சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "உங்கப்பா கீழ போகணும். நானும் கூடப் போயி அவரை வண்டி வரைக்கும் அனுப்பணும். ஆறு மாடி இறங்க எனக்கு முட்டி இருக்கா?"

கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். காலையில் கட்டடத்து லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று மொட்டை மாடியிலுள்ள மோட்டார் அறைக்குப் போனவர், மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டை மாட்டிவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்து சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதற்குப் பூட்டினார் என்று சொல்லவில்லை. காரணம் எழுதிப் பூட்டோடு தொங்கவிட வேண்டிய அட்டையும் அங்கே இல்லை. அந்த அட்டைக்காக ஊரிலுள்ள மெக்கானிக்குகளையெல்லாம் திட்டித் தீர்த்த மனிதர், தன் முறை வந்தபோது மறந்துவிட்டார்.

லிஃப்ட் மெக்கானிக் சங்கத்துக்கு இந்த ஊரில் ஒரு கிளை வந்ததே அவரால்தான். முன்பு அவருடைய கூட்டாளி லிஃப்ட் குழிக்குள் நின்றபோது, யாரோ ஓர் அவசரக்காரன் பூட்டை உடைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டான். கூட்டாளி வீடு திரும்பவில்லை. அப்பா தலைமைச் சங்கத்துக்கு நடையாய் நடந்தார். உங்கள் ஊரில் மொத்தமே எத்தனை லிஃப்ட் என்று கேட்டு அங்கே சிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் டீக்கு வந்தவர்கள். அப்படியும் கிளை நின்றது, அப்பா அதன் தலைவரானார். அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. பூட்டியவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. வேலை கை மாறினால், வருகிறவர் தன் பூட்டை மாட்டிய பிறகுதான் போகிறவரின் பூட்டு கழல வேண்டும். பூட்டியவர் செத்துப்போனால் என்ன செய்வது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

அம்மா அந்தச் சங்கத்தைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். மகளும் மெக்கானிக்காகி, கிளைக்குச் செயலாளராகவும் ஆன அன்று, "ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதாதா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

"வண்டிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கார்," என்றார் மேனேஜர். "சாவி தரலைன்னா போகட்டும், பூட்டை வெட்டக் கட்டர் இருக்கு."

"கட்டரை எடுத்தீங்கன்னா, இனிமே சங்கத்து ஆள் ஒருத்தர்கூட இந்தக் கட்டடத்துல கால் வைக்க மாட்டாங்க."

வாசலில் நின்ற மெக்கானிக்குகள் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் மகளுக்கே பயம் வந்தது.

கிளையின் பொருளாளர் அவளை ஓரமாக அழைத்துப் போனார். எந்தச் சட்டை போட்டாலும் காலரில் கறை இருக்கும் என்பதால் ஊருக்கே அவர் கிரீஸ் மாமா. அந்த முதல் கூட்டத்துக்கு டீக்காக வந்தவர்களில் ஒருவர்.

"பாப்பா, பழக்க தோஷத்துல பூட்டியிருப்பார். அவ்வளவுதான். அண்ணி முகத்தைப் பாரு. இன்னிக்கு ஒரு நாள் விட்டுக் குடேன்."

"பார்த்துட்டு வந்துரலாம் மாமா. ஒண்ணும் இல்லைன்னா நானே திறக்கிறேன்."

"ஒண்ணும் இல்லைன்னா உங்கம்மா உன்னை மன்னிப்பாங்களா?"

மாட்டாள். அது மகளுக்குத் தெரியும். வீட்டில் பிணம் கிடக்கும்போது சட்டம் பேசியவள் என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். ஒற்றை ஆளாகப் போகக் கூடாது என்பதால் கிரீஸ் மாமாவும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

மோட்டார் அறை சூடாக இருந்தது. சுவிட்சில் அப்பாவின் பித்தளைப் பூட்டு தொங்கியது. அதன் பக்கத்தில் அவள் தன் பூட்டை மாட்டினாள். பிறகு மோட்டாரைச் சுற்றி வந்து பிரேக்கின் மூடியைக் கழற்றினாள். கிரீஸ் மாமா டார்ச் அடித்தார்.

சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பட்டை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. இரும்பு இரும்போடு உரசி, சக்கரத்தில் புதிதாய்க் கோடு விழுந்திருந்தது.

கிரீஸ் மாமா வெகு நேரம் டார்ச்சை நகர்த்தவில்லை.

"இதுலயா அவரை ஏத்தச் சொன்னேன்," என்றார். "அண்ணியையும் சேர்த்து."

மகள் சுவரில் சாய்ந்து அழுதாள். காலையிலிருந்து அவளுக்கு அழ நேரம் கிடைத்திருக்கவில்லை. அழுது முடித்து, பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "பிரேக் தேய்ந்துவிட்டது" என்று எழுதித் தன் பூட்டோடு கட்டினாள்.

கீழே வந்தபோது அம்மா இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"ஓடாதா?"

"ஓடாதும்மா. பிரேக் போயிடுச்சு."

அம்மா சாவியிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மேனேஜர் வண்டிக்காரரிடம் சொல்ல வெளியே போனார்.

அப்பாவைக் கிளை ஆட்கள் படி வழியாகத் தூக்கிப் போனார்கள். பாதிப் பேர் திரும்பவும் மூச்சிரைக்க மேலே வந்தார்கள். கிரீஸ் மாமா சாப்பாட்டு மேசையிலிருந்து அந்த நாற்காலியையே இழுத்து வந்து அம்மாவின் முன்னால் போட்டார்.

"உக்காருங்க அண்ணி."

"நான் கனம்டா."

"மோட்டாரையே தூக்கிட்டு ஏறினவங்க நாங்க. உக்காருங்க."

மூன்றாம் மாடியில் கை மாற்றிக்கொள்வதற்காக நாற்காலியை இறக்கி வைத்தார்கள். எதிரே லிஃப்டின் கதவு மூடிக் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பூட்டை மாட்டிட்டியா?"

பக்கத்தில் நின்ற மகளுக்கு அது தன்னிடம் கேட்ட கேள்வி என்று புரியவே சற்று நேரமாயிற்று.

"மாட்டிட்டேம்மா."

"அட்டை?"

"அதுவும்தான்."

அம்மா மேனேஜர் கேட்டதிலிருந்து மூடியே வைத்திருந்த கையை விரித்து மகளிடம் நீட்டினாள். சாவியின் பற்கள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.