அப்பன் பெயர் எதற்கு?

அலெப்போவில் ஆர்மீனிய அகதிகளின் தகரக் கொட்டகை முகாமில் பையன்களுக்கென்று பேண்டுக் குழு தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு பேர். ஓசன்னாவின் மகன் சாரே கிளாரினெட் ஊதுவான். வாத்தியம் எல்லோருக்கும் இருந்தது. ஒரே மாதிரி சட்டைதான் இல்லை. ஈஸ்டருக்கு நகரத்துக்குள் அணிவகுப்பு என்றதும் எகிப்திலிருந்து ஓர் ஆர்மீனியத் துணி வியாபாரி நீலத் துணி அனுப்பிவைத்தார்.

மறுநாளே பேண்டு மாஸ்டர் மிஹ்ரான் நாடாவும் நோட்டுமாக வந்தார். சாரேயின் உயரம், தோள், மார்பு, கை எல்லாம் அளந்து குறித்துக்கொண்டார்.

"வயசு?"

"பன்னிரண்டு."

"அப்பா பேரு? சொந்த ஊரு?"

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓசன்னாவின் கை நின்றது. "சட்டை போடப்போறது இவன். செத்துப்போன அப்பன் பேரு எதுக்கு மாஸ்டர்? காலர்ல எழுதப்போறீங்களா?"

"கேட்டிருக்காங்கம்மா."

"யாரு?"

"மேல."

சொந்த ஊரான கார்பெர்ட்டில் அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோதும் துருக்கி அதிகாரிகள் இப்படித்தான் பட்டியல் எடுத்தார்கள். ரோடு போடும் வேலை என்றார்கள். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் பெயர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

மகனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் குழாயடியில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"இந்த ஊரை ஆளுற பிரெஞ்சுக்காரன் படைக்கு ஆள் சேர்க்கிறானோ என்னவோக்கா," என்றாள் பக்கத்துக் கொட்டகை அஸ்னிவ். "உயரம்கூட அளந்தாரே!"

"ஓசித் துணின்னதும் பல்லைக் காட்டினோமே, நம்மளைச் சொல்லணும்," என்றாள் இன்னொருத்தி.

அடுத்த பயிற்சிக்கு நாலே பையன்கள் வந்தார்கள். சாரே அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மூன்றாம் நாள் மாஸ்டரே மறுபடி வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"பட்டியல் குடுத்தாத்தான் ஊர்வலத்துக்கு அனுமதின்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்கும் பிடிக்கலைம்மா."

"பிடிக்காமலேதான் எழுதினீங்களா?"

அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சட்டையை நான் தைக்கிறேன்," என்றாள் ஓசன்னா. "ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நூல். தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு. அவனவன் நூலை அவனவனே வச்சுக்கட்டும். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். முதல்ல அந்த நோட்டைக் கொண்டாங்க."

அவர் நான்கு தாள்களைக் கிழித்துத் துணி வேகும் அடுப்பில் போட்டார். நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஐந்தாவதாக ஒரு தாள் கிழிந்த தடமும் இருந்தது.

"இது எங்க?"

"டிரம் அடிக்கிற பையனுக்குத் தாளம் எழுதிக் குடுத்தேன்."

"அப்படியா," என்றாள். நம்பவில்லை. அன்றே டிரம்காரனைத் தேடிப் போனாள். அந்தத் தாளைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னான்.

ஆனாலும் தைத்தாள். அஸ்னிவும் கூட உட்கார்ந்தாள். இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு நீலச் சட்டைகள் தயாராயின. அனுமதியும் வந்துவிட்டது.

"எப்படிக் குடுத்தாங்க?" என்று மாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு என் பேரை மட்டும் எழுதிக் குடுத்தேன். என்னை நாளைக்குப் பிடிச்சு உள்ள வச்சாலும் வைப்பாங்க."

அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஈஸ்டரன்று தெருவே திரண்டு கைதட்டியது. ஓசன்னாவுக்கு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. கூடவே நடந்த இரண்டு போலீஸ்காரர்களையே பார்த்துக்கொண்டு வரிசைக்குப் பக்கவாட்டில் நடந்தாள். ஒருவன் பையிலிருந்து காகிதம் எடுத்தபோது அவள் பாய்ந்து சாரேயின் அருகில் போனாள். அவன் புகையிலையை அதில் வைத்துச் சுருட்டினான்.

முகாமுக்குத் திரும்பியதும் பையன்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினாள். இருபத்திரண்டு.

"எங்கம்மா எங்களை ஆட்டுக்குட்டின்னு நினைச்சிட்டாங்கடா!" என்றான் சாரே. பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான்.

யாரும் தேடி வரவில்லை. மாஸ்டரையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் சாரேயைப் பயிற்சிக்கு அனுப்பினாள். தானும் போய், முடியும்வரை வாசலிலேயே நின்றாள்.