முழுக்குத் தொட்டி

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சாயங்காலம் எங்கள் சபையின் மேடைக்கு அடியிலுள்ள ஞானஸ்நானத் தொட்டியில் விளிம்புவரை நிரப்பிய தண்ணீர், மறுநாள் பிரசங்கம் முடிந்து மேடைப் பலகைகளைத் தூக்கியபோது முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அன்று முழுக்கு எடுத்தவர்களில் கடைசி ஆள் மல்லாபூர் ஃபாக்டரி ஒன்றில் வெல்டர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. ஆள் முழுசாகத் தண்ணீருக்குள் போய் வராவிட்டால் அது முழுக்கே அல்ல என்பது எங்கள் சபையின் உபதேசம். வேறு வழியில்லாமல் பாஸ்டர் அவரைத் தொட்டித் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். அப்படியும் வயிறு நனையவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரி ஊற்றினார். மீனை அலசுவது போல இருந்தது. பாடகர் குழுவில் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன், பொய் சொல்வானேன். பக்கத்தில் என் மனைவி எவாஞ்சலின் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டி, தொட்டியின் படிகளுக்குக் கீழே தொடங்கித் தரை நெடுக ஓடிய விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விரிசல் சிலாஸ் அங்கிளின் பரம எதிரி. அவர் ராணுவக் கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். போலாரத்தில் வீடு, செகந்திராபாத்தில் சபை, இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய ஸ்கூட்டர் என்று வாழ்கிறவர். கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஒவ்வொரு வருஷமும் விரிசலைக் கொத்தி எடுத்து, புதுச் சிமெண்டைத் திணித்துப் பூசுவார். அடுத்த வருஷம் அவர் பூசிய பட்டையை ஒட்டியே இன்னொரு கோடு விட்டிருக்கும். போன ஈஸ்டரோடு அவருக்கே வெறுத்துப்போனது. இன்னும் ஒரு வருஷம் பார்ப்பது, அப்போதும் கசிந்தால் தொட்டியில் கல்லும் மண்ணும் கொட்டி மேலே டைல்ஸ் போட்டுவிடுவது, முழுக்குக்கு மொட்டை மாடியில் காற்றடிக்கும் பிளாஸ்டிக் குளம் ஒன்றை வைத்துக்கொள்வது என்று கமிட்டி முடிவெடுத்தது.

எவாஞ்சலின் வேலை செய்வது மல்லாபூரில் ஒரு ஆய்வுக் கம்பெனியில். கல் கட்டும் பாக்டீரியா வளர்க்கிறாள். கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது, நான் ரயில்வேயில் கணக்குப் பார்க்கிறவன். மண்ணில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியாவை எடுத்து, அதன் குணங்களில் சிலவற்றை மாற்றி வைத்திருந்தாள். யூரியாவும் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்தால் அது தன்னைச் சுற்றி வேகமாகச் சுண்ணாம்புக் கல்லைக் கட்டும். அவள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தனித் தீனி இல்லாவிட்டால் பெருகாது. அது அவள் போட்ட மூக்கணாங்கயிறு. நீல விளக்கில் பச்சையாக மினுங்கும். அது அவள் அடையாளத்துக்கு வைத்த பொட்டு. மூன்று வருஷமாக ஆய்வகத்துச் சிமெண்டுக் கட்டிகளில் விரிசல் விரிசலாக அடைத்துக் காட்டியாகிவிட்டது. வெளியே, நிஜமான ஒரு கட்டடத்தில், மூடிவைக்கக்கூடிய ஒரே ஓர் இடத்தில் செய்துபார்க்க அரசாங்க அனுமதியும் வந்தது. இது தேறாவிட்டால் இந்த வேலையையே மூடிவிட்டு அவளைச் சலவைத்தூள் பிரிவுக்கு மாற்றுவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவள் எங்கள் தொட்டியைக் கேட்டாள்.

கமிட்டியில் அன்று சிலாஸ் அங்கிள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"வேலில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விடச் சொல்றியாமா?"

"ஒண்ணும் பண்ணாது அங்கிள். கல்லு மட்டும்தான் கட்டும். தீனியை நிறுத்திட்டா அதுவும் நின்னுடும்."

"ஹவ், ஹவ்" என்று ஊர் உருதுவில் ஆமாம் போட்டார். "எல்லாம் நல்லாத்தான் சொல்ற. இந்த ஈஸ்டருக்கு உன் பொண்ணும் முழுக்கு எடுக்குறாள்ல? அவளை முதல்ல இறக்கு. அப்புறம் மத்தவங்க புள்ளைங்க இறங்கட்டும்."

எவாஞ்சலின் மேஜை விளிம்பை ஒரு முறை தடவினாள்.

"சரி அங்கிள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மகள் அபிகாயில் பிளஸ் டூ படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் வாயில் எது வருகிறதோ அதில் பதில் சொல்வாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குச் நை ஹோதா மம்மி, ஒண்ணும் ஆகாது. ஐ வில் கோ ஃபர்ஸ்ட்" என்று சொல்லிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தயிரைத் தேடப் போய்விட்டாள்.

"அதால ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றேன் எவாஞ்சலினிடம்.

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ஆனா அவ என் பொண்ணுங்க."

அதற்கு மேல் நான் அவளைக் கிண்டல் செய்யவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் தொடங்கியதும் வேலையும் தொடங்கியது. வேலை முடிந்து சாயங்காலங்களில் கோயிலுக்குப் போவோம். நான் பலகைகளைத் தூக்கி டார்ச்சைப் பிடிக்க, அவள் தொட்டிக்குள் இறங்கி மண்டியிட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் விரிசலுக்குள் முதலில் பாக்டீரியாவை ஏற்றுவாள், பிறகு தீனியை. பிறகு ஈரத்துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட். பிரசவ வார்டில் குழந்தையைச் சுற்றுவதுபோல ஓரமெல்லாம் மடக்கிச் செருகுவாள். யூரியா உடைந்தால் அம்மோனியா வரும் என்று முன்னாலேயே சொன்னாள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், துதிப் பாடலின் நடுவே, பேருந்து நிலையத்துச் சுவரோரத்து வாடை மேடையிலிருந்து கிளம்பி முன்வரிசையை எட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊதுபத்தி கொளுத்தவும் முடியாது, நாங்கள் பாப்டிஸ்டுகள். முன்வரிசைக்காரர்கள் வாரம் ஒரு பெஞ்சாகப் பின்வாங்கினார்கள்.

ஒரு நாள் அவள் ஷீட்டை விலக்கியபோது விரிசலின் இரண்டு உதடுகளிலும் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. டார்ச்சை அருகே கொண்டுபோனேன். சர்க்கரையைத் தூவியது போல மினுங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன்; கல். நேற்றுவரை அங்கே இல்லாத கல். கொத்தனார் இல்லை, கரண்டி இல்லை, சத்தம் இல்லை. எனக்குச் சிலிர்த்துப்போனது.

"இதெல்லாம் கட்டிட்டு அதுங்க எங்க போகும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகாது. தன்னைச் சுத்தித்தானே கட்டுது? கடைசில அந்தக் கல்லுக்குள்ளயே அடைஞ்சு போயிடும்."

அவள் அதை மாவு புளிக்கும் என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். முழுக்கு என்பது அடக்கம்பண்ணப்படுவது என்று பாஸ்டர் வருஷா வருஷம் அதே மேடையில் நின்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்திருக்கிறேன். அன்று டார்ச்சைப் பிடித்தபடி அந்த வாக்கியத்தை முதல் முறையாகக் கேட்டதுபோல நின்றேன். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள், எங்கள் பாட்டும் ஜெபமும் நடக்கும் மேடைக்குக் கீழே, தங்கள் கல்லறையைத் தாங்களே கட்டி அதனால் எங்கள் தொட்டியை மூடிக்கொண்டிருந்தன.

கேடு நல்ல மனசிலிருந்துதான் வந்தது. சனிக்கிழமைகளில் பெண்கள் சங்கத்தார் கோயிலைக் கழுவுவார்கள். சிலாஸ் அங்கிளின் மனைவி டோரிஸ் ஆன்ட்டிதான் அதற்குத் தலைவி. அபிகாயிலுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பாதி வேலை முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது, அம்மோனியா வாடைக்குப் பதிலாக நீச்சல்குளத்து வாடை அடித்தது. பலகைகள் தூக்கியிருந்தன. ஷீட் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. விரிசல் நெடுக பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி முடித்து, நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு டோரிஸ் ஆன்ட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம பாப்பா இறங்குற தொட்டிமா. கிருமி கிருமின்னு எல்லாரும் சொல்றாங்க. மனசு கேக்கல. நல்லாத் தேச்சு விட்டுட்டேன்."

எவாஞ்சலின் படியில் உட்கார்ந்தாள். ஆன்ட்டியின் சிரிப்பு மெதுவாக நின்றது. நான்தான் சொன்னேன், அந்தக் கிருமிதான் வேலையாள் என்று. கேட்டுவிட்டு அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு எவாஞ்சலின் எழுந்து, ஒரு நீளமான கம்பியால் விரிசலின் ஆழத்திலிருந்து கொஞ்சம் துகளைச் சுரண்டி எடுத்து ஒரு சின்னப் புட்டியில் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கிழமை என்கூட லேபுக்கு வாங்க ஆன்ட்டி. எதைக் கொன்னீங்கன்னு பாருங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. ஆன்ட்டி தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை நானும் லீவு போட்டேன். ஆட்டோவில் மல்லாபூர் போய்ச் சேரும்வரை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்தபடி வந்தார்கள். ஆய்வகத்தில் எங்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டாள். துகளைச் சனிக்கிழமையே தீனிக் கரைசலில் போட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்திருந்தாள். உயிர் இருந்தால் கரைசல் கலங்கும், இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி தெளிவாகவே நிற்கும் என்று எங்களைப் பார்க்காமலே சொன்னாள். தெளிந்த கண்ணாடிக் குழாயைக் காட்டத்தான் எங்களை அழைத்து வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து குழாயை எடுத்தாள். அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது.

அவள் அதைக் குலுக்கவில்லை, எங்களிடம் காட்டவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வேற ஏதாவது கலந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறையின் விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டாள். குழாய் பச்சையாக எரிந்தது. இளம் வாழை இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வரும் பச்சை. அந்த வெளிச்சத்தில் அவளுடைய விரல்கள்கூடத் தெரிந்தன.

"இதுதான் நான் கொன்னதாமா?" என்று டோரிஸ் ஆன்ட்டி மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி." எவாஞ்சலின் குழாயை அவர் பக்கம் நீட்டினாள். "உங்ககிட்டருந்து தப்பிச்சது."

மேலே இருந்தவை எல்லாம் செத்திருக்கும், ஆழத்தில் இருந்தவை விதைபோலத் தங்களை இறுக்கிக்கொண்டு உறங்கியிருக்கும், தீனி கிடைத்ததும் விழித்துவிட்டன என்றெல்லாம் பிறகு விளக்கினாள். நான் சரியாகக் கேட்கவில்லை. டோரிஸ் ஆன்ட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோட்டுக்குள்ளிருந்து முந்தானையை இழுத்து, கோயிலில் ஜெபத்துக்குப் போடுவதுபோலத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடாமல், அந்தப் பச்சையையே பார்த்தபடி நின்றார்.

அன்றிலிருந்து டார்ச் பிடிக்கும் வேலை எனக்குப் போய்விட்டது. ஆன்ட்டி பிடுங்கிக்கொண்டார். வீட்டில் புருஷனிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், அவர் இரண்டு நாள் யோசனையாகவே இருந்ததாகவும் சொன்னார். விரிசல் மறுபடி வெள்ளை பூத்தது, தடித்தது, கடைசியில் தழும்பு மாதிரி ஒரு மேடாகிச் சேர்ந்துகொண்டது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் எவாஞ்சலின் தீனியை நிறுத்தினாள். தொட்டியை நன்றாகக் கழுவி, நின்ற தண்ணீரை எடுத்துப்போய் வளர்த்துப் பார்த்தாள். கரைசல் தெளிவாக நின்றது, ஒன்றும் எழும்பவில்லை. அந்த முடிவை எழுதிய தாளை என்னிடம் காட்டினாள். அப்படியும் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின சாயங்காலம் சிலாஸ் அங்கிள் தன் கையாலேயே குழாயைத் திறந்து தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். "கசியத்தானே போகுது, கொஞ்சம் சேத்தே விடுவோம்" என்றார். பழக்கம்.

காலையில் ஆராதனைக்கு முன் நாங்கள் பலகைகளைத் தூக்கினோம். தண்ணீர் விளிம்பில் நின்றது. ஒரு விரல்கூட இறங்கவில்லை. மேலே சுழன்ற மின்விசிறி அதில் அப்படியே தெரிந்தது. சிலாஸ் அங்கிள் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். கோயிலுக்கு வெளியே போய், வழக்கமாகக் கசிவு ஊறும் வெளிச்சுவரை உள்ளங்கையால் தடவிவிட்டு வந்தார். காய்ந்திருந்தது போலும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேடையோரம் போய் நின்றார். எவாஞ்சலின் அவரைப் பார்க்கவில்லை. மகளின் வெள்ளை அங்கியின் முதுகுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிய பொத்தானையே அவிழ்த்து மறுபடி மாட்டினாள்.

"மம்மி, பஸ். போதும்" என்றாள் அபிகாயில்.

பாஸ்டர் ஏற்கெனவே தொட்டிக்குள் இருந்தார். பாட்டு தொடங்கியது. முழுக்கு எடுக்க வேண்டிய மற்ற பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நிற்க, அவர்களுடைய அம்மாக்கள் எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அபிகாயில் படியிறங்கினாள். கடைசிப் படி தாண்டித் தரையில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். எவாஞ்சலின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தண்ணீருக்கடியில் எங்கள் மகள் வலது பாதத்தை அந்த வெள்ளைத் தழும்பின் மேல் மெதுவாக ஒரு முனையிலிருந்து நகர்த்தி, கால்விரல்களால் தடவிப் பார்த்தாள். பிறகு அதன் மேலேயே இரண்டு காலையும் ஊன்றி, கைகளை நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள்.

பாஸ்டர் அவள் முதுகில் கைவைத்துப் பின்னால் சாய்த்தார். முகம் மறைந்தது, முடி மறைந்தது, தண்ணீர் அவள்மேல் மூடியது. நிரம்பியிருந்த தொட்டி தளும்பி, விளிம்பைத் தாண்டி, மேடைப் பலகைகளின் மேல் பரவிப் போய், ஓரத்தில் நின்ற சிலாஸ் அங்கிளின் வெறுங்காலைத் தொட்டது. விரல்களுக்கு நடுவே புகுந்து குதிகால்வரை சுற்றிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். காலை எடுக்கவில்லை.